வாட்ஸ் பார்க்காதே, தூக்கிப் பார்

சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கிளம்புகிறவர்களின் சீட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வரியில் புராசஸர். எந்த மாடல், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று புள்ளி பிசகாமல் இருக்கும். பிறகு மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், மானிட்டர். எல்லாவற்றுக்கும் கம்பெனிப் பெயரும் மாடல் நம்பரும் உண்டு. கடைசி வரியில், மளிகைச் சீட்டின் அடியில் ‘தீப்பெட்டி 1’ என்று எழுதுவதுபோல, ‘கேபினெட் வித் எஸ்.எம்.பி.எஸ் 1’ என்றிருக்கும். மெஷின் உட்காரும் பெட்டியும் அதற்குக் கரண்ட் தரும் டப்பாவும்தான். கம்பெனி கிடையாது, மாடல் கிடையாது. இருபது வருஷத்துக்கு முன்னால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகள் கொடுத்த கொட்டேஷனிலும் அப்படித்தான். மற்றதெல்லாம் வாங்கி, கையில் என்ன மிஞ்சுகிறதோ அதற்கு வருகிற டப்பா.

2004 மே மாதம் சென்னையிலிருந்து ஊருக்கு ஒரு மெஷின் கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தங்கைக்கு எம்.சி.ஏ. கடைசி வருஷம் தொடங்கப்போகிறது. புராஜெக்ட் வேலைக்குக் கும்பகோணம் வரை பஸ் ஏறிப்போய், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு ஆடுதுறைப் பக்கம், வயலை ஒட்டிய தெருவில். வயலில் மோட்டார்கள் ஓடுகிற காலத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டியூப் லைட் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்துவிட்டு எரியாமலே அடங்கிவிடும். ஓடுகிற ஃபேனின் இறக்கைகளை எண்ணலாம். ஓட்டு வீடு, உத்தரத்தில் பல்லிகள் நிரந்தரக் குடித்தனம். ஜன்னலைத் திறந்தால் அறுவடைத் தூசி.

புராசஸருக்கு இந்த ஊரெல்லாம் தெரியாது. சென்னையில் என்ன கணக்குப் போடுமோ அதையேதான் ஆடுதுறையிலும் போடும். ராம், ஹார்டு டிஸ்க் எல்லாம் அப்படியே. வீட்டோடு நேருக்கு நேர் மோதுவது இரண்டே சாமான்கள்தான். வீட்டின் சூடும் தூசியும் பூச்சி பொட்டும் கேபினெட்டுக்கு. வீட்டின் கரண்ட் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு. அதனால் என் சீட்டை நான் கடைசி வரியிலிருந்து எழுத ஆரம்பித்தேன். மேன்ஷனில் அறை நண்பர்கள் சிரித்தார்கள். “டப்பாவுக்கு இவ்ளோ யோசனையாடா?” என்றான் ஒருவன்.

திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து மவுண்ட் ரோட்டைத் தாண்டி நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். பெயர்தான் ஒரு தெரு. உண்மையில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சிந்தாதிரிப்பேட்டையின் ஒரு மூலை முழுக்கப் பரவிய சந்தை. வாசலில் நின்று “என்ன ஜி வேணும், மானிட்டரா, பிரின்டரா” என்று கூப்பிடுகிறவர்கள், தள்ளுவண்டியில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய கேபினெட் அட்டைப் பெட்டிகள், தலைக்கு மேலே பின்னிக் கிடக்கும் ஒயர்கள். கீழ்த்தளக் கடைகளில் விற்பனை. விற்றது கெட்டுப்போனால் குறுகலான படி ஏறி முதல் மாடிக்குப் போக வேண்டும். அங்கே எட்டுக்கு எட்டு அறைகளில் சால்டரிங் புகைக்கு நடுவே சர்வீஸ்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் ஆபீஸ் மெஷின்களைப் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் அப்படியொரு மாடி அறையில் இருந்தார். எஸ்.எம்.பி.எஸ் மட்டும்தான் பார்ப்பார். அறையின் ஒரு மூலையில் செத்த எஸ்.எம்.பி.எஸ்கள் தகரக் குவியலாகக் கிடக்கும். அவரிடம் போய், எத்தனை வாட்ஸ் வாங்கலாம் என்று கேட்டேன்.

“வாட்ஸ் எல்லாம் ஸ்டிக்கர் தம்பி. ஸ்டிக்கர் அடிக்க ஒரு ரூபா ஆவுமா? நீ தூக்கிப் பாரு.”

குவியலுக்குப் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து என் இடது கையில் வைத்தார். 450 வாட்ஸ் என்று பளபளவென்று எழுதியிருந்தது. மேசைக்கு அடியிலிருந்து இன்னொன்றை எடுத்து வலது கையில் வைத்தார். ஏதோ வெளிநாட்டு பிராண்டட் மெஷினிலிருந்து கழற்றியது. அதில் 250 வாட்ஸ். வலது கை தாழ்ந்தது. இடது கையில் இருந்தது காலி டப்பா போலிருந்தது.

இரண்டையும் திறந்து காட்டினார். திறந்ததும் முதலில், ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயர்களையும் உள்ளே இருந்த பெரிய கெப்பாசிட்டர் கால்களில் வைத்தெடுத்தார். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் வருகிற 230 வோல்ட் ஏ.சி. முதலில் டி.சி. ஆகும்போது 320 வோல்ட்டைத் தொடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் நிற்கும். தெரியாமல் விரல் வைத்தவர்கள் மறுபடி வைக்க மாட்டார்கள். அந்த 320 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுப்பதால்தான் பெரிய இரும்பு டிரான்ஸ்பார்மர் தேவைப்படாமல் சின்னதாக ஒன்றை வைத்தே 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் எடுக்க முடிகிறது. சின்னது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. 450 வாட்ஸ்காரனின் டிரான்ஸ்பார்மர் 250 வாட்ஸ்காரனுடையதில் பாதிதான் இருந்தது.

“இங்க பாரு” என்று கரண்ட் உள்ளே நுழைகிற இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டார். போர்டில் வெள்ளை மையில் காயிலுக்கு வட்டம் போட்டு, கெப்பாசிட்டருக்குக் கட்டம் போட்டு எல்லாம் அச்சடித்திருக்கிறது. காயில் இருக்க வேண்டிய வட்டத்தில் வளைத்த கம்பி ஒன்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாலம் போட்டிருந்தது. கட்டங்கள் காலி. லைனில் வருகிற இரைச்சலை வடிகட்டும் பகுதி மொத்தமும் இல்லை. அடுத்து இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள். கனமானதில் 680 மைக்ரோஃபாரட். லேசானதில் 220. கரண்ட் ஒரு கணம் விட்டுவிட்டு வரும்போது மெஷினைத் தாங்குவது இந்த இரண்டும்தான். ஹீட் சிங்க் என்று இருந்தவை வெறும் அலுமினியத் தகடுகள், மடிப்பில்லை, பட்டையில்லை. வெளியே வரும் ஒயர்கள் மெலிந்து, கையில் சுருட்டினால் சுருட்டியபடி நின்றன.

எடை பார்த்து வாங்குவது விஞ்ஞானமில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் செம்பும் அலுமினியமும் ஃபெரைட்டும் எடை இல்லாமல் வராது. கடையில் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்க விட மாட்டார்கள். தூக்கிப் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது.

ஸ்டிக்கரைப் படிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த லேசான டப்பாவின் பக்கவாட்டில் 3.3 வோல்ட் 28 ஆம்பியர், 5 வோல்ட் 35 ஆம்பியர், 12 வோல்ட் 15 ஆம்பியர் என்று கட்டம் போட்டிருந்தது. பெருக்கிக் கூட்டினால் 92, 175, 180; ஆக 447. அதைத்தான் 450 என்று அடித்திருந்தார்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் முழுசாகத் தர முடியும் என்று நம்புகிறவனுக்கான கூட்டல் அது. பெரும்பாலான டப்பாக்களில் 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே சுற்றிலிருந்து பிரிகிறவை. ஒன்று வாங்கினால் இன்னொன்று குறையும். நேர்மையான கம்பெனிகள் ‘இரண்டும் சேர்ந்து இத்தனை வாட்ஸுக்கு மேல் கூடாது’ என்று தனி வரி போடுவார்கள். அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பதே ஒரு நல்ல சோதனை.

இன்னொன்று, அந்தச் சமயத்தில் ஆட்டம் மாறிக்கொண்டிருந்தது. அதுவரை பல மதர்போர்டுகள் புராசஸருக்கான மின்சாரத்தை 5 வோல்ட்டிலிருந்து எடுத்தன. பென்டியம் 4 வந்தபோது, 12 வோல்ட்டுக்கென்று நாலு துளை கொண்ட சதுர கனெக்டர் ஒன்று தனியாக வந்தது. இனி புராசஸரின் சோறு 12 வோல்ட் வரிசையில். ஆனால் மார்க்கெட்டில் கிடந்த டப்பாக்கள் பழைய டிசைனில் 5 வோல்ட்டை அள்ளிக் கொடுத்து 12 வோல்ட்டில் கையைச் சுருக்குகிறவை. சதுர கனெக்டரை மட்டும் நுனியில் ஒட்டவைத்து ‘பி4 ரெடி’ என்று பெட்டியில் போட்டு விற்றார்கள்.

அண்ணனிடம் லோட் டெஸ்டர் என்றெல்லாம் எதுவும் இல்லை. கார் ஹெட்லைட் பல்புகள் இரண்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றும் 12 வோல்ட், 55 வாட்ஸ். எஸ்.எம்.பி.எஸ்ஸின் பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு ‘ப’ வடிவக் கம்பியால் இணைத்தால் மதர்போர்டு இல்லாமலே அது ஓட ஆரம்பிக்கும். மஞ்சள் ஒயரில் பல்புகளைக் கோத்தார். இரண்டும் சேர்ந்து ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஏறக்குறைய ஒரு பென்டியம் 4 இழுப்பது. மல்டிமீட்டரை வைத்தார். 12 வோல்ட் என்பது ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது விதி, அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. கனமான 250 வாட்ஸ் டப்பா 11.9இல் நின்றது. பல்புகள் அந்த அறையையே கண் கூசச் செய்தன. 450 வாட்ஸ் டப்பா 11.1இல் ஆரம்பித்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 10.9 ஆனது. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகுகிற வாசனை வந்தது. அண்ணன் பதற்றமே இல்லாமல் ஸ்விட்சை அணைத்தார்.

“நானூத்தி அம்பதாம்” என்றார்.

சாம்பல் நிற ஒயர் பற்றியும் அன்றுதான் கேள்விப்பட்டேன். எஸ்.எம்.பி.எஸ் தன் வோல்டேஜ் எல்லாம் நிலைக்கு வந்த பிறகு, ‘நான் தயார்’ என்று அந்த ஒயர் வழியாக மதர்போர்டுக்குச் சைகை கொடுக்க வேண்டும். வோல்டேஜ் சரிந்தால் சைகையை எடுத்துவிட வேண்டும். மெஷின் உடனே ரீசெட் ஆகும். ஹார்டு டிஸ்க்கில் கன்னாபின்னாவென்று எழுதிவைக்காமல் நிறுத்துகிற ஏற்பாடு அது. படுமட்டமான டப்பாக்களில் அந்தச் சாம்பல் ஒயரை நேராக 5 வோல்ட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்களாம். எந்த நிலைமையிலும் ‘எல்லாம் சரி’ என்றுதான் சொல்லும். இப்படிப்பட்ட ஆட்களை ஆபீஸிலும் பார்த்திருக்கிறோம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு பையன் கேபினெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தான். ஏதோ பிரவுசிங் சென்டர். “டப்புனு சத்தம் வந்துச்சுண்ணே, அப்புறம் செத்துப்போச்சு.” அண்ணன் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். எஸ்.எம்.பி.எஸ்ஸின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். 230, 115 என்று இரண்டு நிலைகள். அமெரிக்காவில் 115இல் வைக்க வேண்டும். அங்கே வருகிற பாதி வோல்டேஜை இரட்டிப்பாக்குவது அதன் வேலை. நம் ஊரில் அந்த நிலைக்குத் தள்ளினால் 230ஐயும் இரட்டிப்பாக்கப் பார்க்கும். கூட்டிப் பெருக்கிய யாரோ, தூசி தட்டிய யாரோ, அந்த ஸ்விட்சை நகர்த்தியிருக்கிறார்கள். புது டப்பா வாங்கியதும் அந்தச் சிவப்பு ஸ்விட்சின் மேல் செலோ டேப் ஒட்டச் சொன்னார் அண்ணன். ஒட்டினேன்.

பிறகு கேபினெட். நரசிங்கபுரம் தெருவில் ஒரு கடையில் கறுப்பும் சில்வருமாக ஒன்று பிடித்திருந்தது. வெளிர் மஞ்சள் டப்பாக்களின் காலம் முடிந்து கறுப்பு வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. விலை, எஸ்.எம்.பி.எஸ்ஸோடு சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு சொன்னார் கடைக்காரர். எஸ்.எம்.பி.எஸ் வேண்டாம், வெறும் கேபினெட் மட்டும் போதும் என்றேன். அப்படிக் கொடுக்கிற வழக்கமில்லை என்றார். பேசிப் பேசிக் கடைசியில், “சரி ஜி, எஸ்.எம்.பி.எஸ் கழட்டிக்கறேன், இருநூத்தி அம்பது கம்மி பண்ணிக்குங்க” என்றார். அந்த ஒரு வாக்கியம் போதும். அவர் கழற்றி எடுத்த டப்பாவின் மேல் 400 வாட்ஸ் என்று இருந்தது. அதே தெருவில் தைவான்காரர்களான எஃப்.எஸ்.பி தயாரித்த 300 வாட்ஸ் ஒன்று, தனியாக, ஆயிரத்து அறுநூறு ரூபாய். 300 வாட்ஸுக்கு ஆயிரத்து அறுநூறு, 400 வாட்ஸுக்கு இருநூற்று ஐம்பது. கேபினெட்டை விட அதிக விலைக்கு எஸ்.எம்.பி.எஸ் வாங்குகிறவனைக் கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். நன்றாகத் தாழ்ந்தது.

கேபினெட் விஷயத்திலும் கண்ணை நம்புவதற்கில்லை. முகப்பில் கதவு, நீல விளக்கு, கார் பானட் மாதிரி வளைவு எல்லாம் இருக்கும். பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே சட்டத்தின் ஓரமாக ஆள்காட்டி விரலை ஓட்ட வேண்டும். நல்ல கேபினெட்டில் தகட்டின் ஓரம் உள்பக்கமாக மடித்திருக்கும். விரல் வழுக்கிக்கொண்டு போகும். மட்டமானதில் வெட்டியது வெட்டியபடி இருக்கும்; ஹார்டு டிஸ்க் ஒயர் சொருகும்போது புறங்கையைக் கீறிவிடும். அசெம்பிள் செய்கிறவர்களின் புறங்கையைப் பார்த்தாலே எந்த விலைக் கேபினெட்டில் வேலை செய்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அடுத்து, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்லத் திருகிப் பார்ப்பது. தகடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவென்றால் முறுகும். முறுகுகிற சட்டத்தில் மதர்போர்டை முடுக்கினால் மதர்போர்டும் முறுகும். முடுக்குவதற்கு அடியில் வைக்கும் பித்தளைக் கட்டைகள் எல்லாத் துளைக்கும் போதுமானபடி பொட்டலத்தில் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்வதும் நல்லது.

முகப்புப் பொத்தானை நாலு தடவை அழுத்திப் பார்ப்பது இன்னொரு சோதனை. பழைய ஏ.டி. காலத்தில் அந்த ஸ்விட்ச் வழியாக வீட்டுக் கரண்ட் நேரே ஓடும். 1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ் முறையைக் கொண்டுவந்த பிறகு அது வெறும் அழைப்பு மணி. மதர்போர்டுக்கு ஒரு சைகை. அதனாலேயே அதில் இரண்டு ரூபாய் ஸ்விட்சைப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே போனது வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். நாலு நொடி அழுத்தியபடி நின்றால் மெஷின் தானே அணைந்துவிடும். நம் ஊரில் பாதிக் கம்ப்யூட்டர்கள் ரீசெட் பொத்தானில்தான் ஆன் ஆகின்றன. சர்வீஸ்காரர் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிச் சொருகிவிட்டுப் போயிருப்பார். பத்து வருஷமானாலும் அந்த வீட்டில் யாருக்கும் அது விநோதமாகத் தெரியாது.

சூடு பற்றிய கணக்குதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் பென்டியம் 4இன் புது அவதாரமாக ‘பிரெஸ்காட்’ வந்திருந்தது. 90 நானோமீட்டர் தொழில்நுட்பம். சின்னதாகச் செதுக்கியதால் சூடு குறையும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கசிவு மின்சாரம் அதிகமாகி, நேர்மாறாகப் போனது. 2.8 கிகாஹெர்ட்ஸ் பிரெஸ்காட்டின் வெப்பக் கணக்கு 89 வாட்ஸ். அதே வேகத்தில் அதற்கு முந்தைய ‘நார்த்வுட்’ 70 வாட்ஸுக்குள் அடங்கியது. இந்தச் சூட்டைச் சமாளிக்க இன்டெல் கேபினெட் செய்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருந்தது. பக்கத் தகட்டில் துளை போட்டு, அதில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, வெளிக்காற்று நேராகப் புராசஸர் ஃபேனின் வாயில் விழும்படி செய்ய வேண்டும். அறைக்குள் 35 டிகிரி இருக்கும்போது ஃபேனுக்குள் போகும் காற்று 38 டிகிரியைத் தாண்டக் கூடாது. அந்தக் குழாய் வைத்த கேபினெட்டுகள் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் வந்துவிட்டன. என் பிரச்சினை வேறு. கத்திரி வெயிலில் எங்கள் ஓட்டு வீட்டு அறையே 38ஐத் தாண்டும். அந்தக் குழாய் வழியாக எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் அனல்தான்.

ஆகவே குழாய் வைத்த கேபினெட்டையே வாங்கி, புராசஸரைப் பழைய நார்த்வுட்டுக்கு மாற்றிக்கொண்டேன். கடைசி வரி போய் முதல் வரியைத் திருத்தியது. “புதுசு வந்திருக்கும்போது பழசு எதுக்கு ஜி?” என்று கடைப் பையன் கேட்டான். ஆடுதுறை என்று சொன்னால் அவனுக்குப் புரியாது, சும்மா இருந்தேன்.

பல்லி விஷயத்துக்கு எந்தக் கம்பெனியும் வழிகாட்டி வெளியிடவில்லை. கேபினெட்டின் பின்பக்கம் கார்டுகள் சொருகுகிற இடத்தில் வரிசையாகத் தகட்டுப் பட்டைகள் இருக்கும். விலை குறைந்த கேபினெட்டில் அவை ஸ்க்ரூவில் நிற்பவை அல்ல. சட்டத்தோடு சேர்த்தே அறுத்து விட்டவை. முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்து எறிந்தால் எறிந்ததுதான், திரும்ப மூட முடியாது. கார்டைக் கழற்றி எடுத்த பிறகு அந்த நீள் சதுரம் திறந்தே கிடக்கும். உள்ளே இதமான சூடு, இருட்டு. பல்லிக்கு வேறென்ன வேண்டும்? அண்ணனின் குவியலில் இருந்த சில டப்பாக்களின் சாவுக்குக் காரணம் கருவாடாகக் காய்ந்த பல்லிதான். 320 வோல்ட் பகுதியில் குறுக்கே படுத்திருக்கும். நான் வாங்கிய கேபினெட்டில் பட்டைகள் ஸ்க்ரூ போட்டவை. போதாததற்கு, பக்கத் தகட்டின் துளைக்குள் கொசுவலைத் துணியை வெட்டி ஒட்டினேன். காற்று கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

ராத்திரி பஸ்ஸில் கேபினெட்டை மடியில் படுக்க வைத்துக்கொண்டு கும்பகோணம் போனேன். நிற்க வைத்தால் குண்டும் குழியுமான சாலையில் புராசஸரின் மேல் இருக்கும் கனமான ஹீட் சிங்க் ஆடும். ஊரில் எலக்ட்ரீஷியனை முன்கூட்டியே வரச்சொல்லி, இரண்டு துளை பிளக் பாயிண்ட்டை எடுத்துவிட்டு மூன்று துளை போட்டிருந்தார்கள். ஏ.வி.ஆர். வைத்த யு.பி.எஸ் ஒன்றும் வாங்கியாயிற்று. சாயங்கால லோ வோல்டேஜை அது ஒரு ‘க்ளிக்’ சத்தத்தோடு தூக்கி நிறுத்தியது. விண்டோஸ் எக்ஸ்.பி.யின் பச்சைப் புல்வெளி வந்ததும் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் அப்பா கூப்பிட்டார். “ஏம்ப்பா, இவ்ளோ காசு குடுத்து வாங்குன பொட்டி, தொட்டா சுர்ருங்குதே?”

செருப்பில்லாமல் நின்று, பின்பக்கத் தகரத்தில் விரலின் மேல்புறத்தை உரசிப் பார்த்தேன். ஆமாம், மெல்லிய அதிர்வு. டெஸ்டரை வைத்தால் பல்பு மங்கலாக எரிந்தது. பக்கத்து வீட்டுப் பையன், அவன் சித்தப்பா கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் அடிப்பதில்லை என்றும், இது ‘டூப்ளிகேட்’ என்றும் தெரிந்தவனாகச் சொன்னான். விஷயம் தலைகீழ். அண்ணன் காட்டிய லேசான டப்பாவில் காலியாகக் கிடந்த கட்டங்கள் நினைவிருக்கும். லைன் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் டப்பாவின் உடம்புக்குப் போகின்றன. இரைச்சலை எர்த்துக்குக் கடத்துவதற்காக. எர்த் என்ற ஒன்று இல்லாவிட்டால் டப்பாவின் உடம்பு இரண்டுக்கும் நடுவில், 115 வோல்ட்டை ஒட்டித் தொங்கும். மின்னோட்டம் மிகச் சொற்பம், ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் சுர்ரென்று தெரியும். வடிகட்டியே இல்லாத டப்பா அடிப்பதில்லை. அது நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறது.

புது பிளக் பாயிண்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். துளை மூன்று இருந்தது. மேல் துளைக்குப் பின்னால் ஒயர் இல்லை. வீட்டுக்கே எர்த் சரியில்லை. கொல்லைப்புறத்தில் கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே வாய் வைத்து மூடினார்கள். எலக்ட்ரீஷியன் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட்ஸ் பல்பு போட்டுக் காட்டினார், பளிச்சென்று எரிந்தது. குழி காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்று அவர் சொன்னதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தினமும் துளசிக்கு ஊற்றிய கையோடு எர்த் குழிக்கும் ஒரு சொம்பு. கம்ப்யூட்டர் பக்கமே வராதவர். ஆனால் அதன் பராமரிப்பில் தன் பங்கு இது என்று நினைத்தார். அந்த எர்த்தால் கிரைண்டரும் ஃபிரிட்ஜும் அடிப்பது நின்றது. அதை அம்மா மட்டும்தான் கவனித்தாள்.

அடுத்த பெரிய மாற்றம் 2012இல். தமிழ்நாட்டின் மாவட்டங்களில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் இல்லாத வருஷம் அது. வீட்டில் இன்வெர்ட்டர் வந்துவிட்டது, பழைய மெஷினை மாற்ற வேண்டியிருந்தது. இதற்குள் எஸ்.எம்.பி.எஸ்களின் ஜாதியே மாறியிருந்தது. 2004இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ முத்திரைக்குப் பிறகு, எத்தனை சதவீதம் சூடாக வீணாகிறது என்று பார்த்து வாங்க முடிந்தது. ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற சுற்று வைத்தவற்றுக்குச் சிவப்பு ஸ்விட்சே கிடையாது. பெரும்பாலானவை 100 வோல்ட்டிலிருந்து 240 வரை எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும். லோ வோல்டேஜ் ஊருக்கு வரப்பிரசாதம். ஆனால் ஒரு வம்பும் உண்டு. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் கொடுப்பது அலையாக வரும் கரண்ட் அல்ல, சதுரமாக வெட்டிய கரண்ட். அதைக் கண்டால் சில ஆக்டிவ் பி.எஃப்.சி. டப்பாக்கள் முரண்டு பிடித்து அணைந்துவிடும். சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும். அதோடு, இன்வெர்ட்டரின் முதுகில் ‘யு.பி.எஸ்’ என்று ஒரு நிலை இருக்கும். அதில் வைத்தால் கரண்ட் போனதும் சட்டென்று பேட்டரிக்கு மாறும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் அதே நிலையில் வோல்டேஜ் 180க்குக் கீழே போனாலே கரண்ட் போய்விட்டதாக நினைத்துப் பேட்டரியைத் தின்னும். சாயங்காலம் முழுக்க 170. கரண்ட் இருக்கிறது, பேட்டரியும் தீர்கிறது. கடைசியில் கம்ப்யூட்டருக்குத் தனியாகச் சின்ன யு.பி.எஸ்ஸையும் வைத்துத்தான் அந்த வருஷத்தைக் கடந்தோம்.

போன வருஷம் தங்கை மகனுக்கு மெஷின். அவனே எல்லாம் பார்த்துக்கொண்டான். எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தூக்கிப் பார்க்கும் என் கலை இப்போது அவ்வளவாகச் செல்லுபடியாகாது; திறமையான டிசைனில் சூடு குறைவு, ஹீட் சிங்க் சிறிது, எடையும் குறைவு. ஆன்லைனில் வாங்கும்போது தூக்கிப் பார்க்கவும் வழியில்லை. அவன் வேறு விதமாகத் தூக்கிப் பார்க்கிறான். எந்தத் தொழிற்சாலையில் செய்தது, முழு லோடில் 12 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது, சிற்றலை எத்தனை மில்லிவோல்ட் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து போட்ட வரைபடங்களைப் படித்தான். அண்ணனின் ஹெட்லைட் பல்புகள் செய்ததையே லட்ச ரூபாய் மெஷின்கள் செய்திருக்கின்றன. 650 வாட்ஸ், 80 பிளஸ் கோல்டு, பத்து வருஷ வாரண்டி. எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

கேபினெட்டில்தான் சண்டை. பக்கமும் முகப்பும் கண்ணாடி, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு. முகப்பைக் கண்ணாடியால் அடைத்துவிட்டு அதற்குப் பின்னால் மூன்று ஃபேன் வைப்பது எனக்குப் புரியவில்லை. காற்று எங்கிருந்து வரும்? முகப்பில் சல்லடைத் தகடு வைத்ததை எடு, பக்கத்துக்கு மட்டும் கண்ணாடி இருக்கட்டும் என்று சமாதானம் பேசினேன். அதற்கு ஒத்துக்கொண்டான். தங்கை சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கண்ணாடியே வேண்டாம்டா. உள்ள இருக்கற தூசி தெரியும். தெரிஞ்சா யாராவது தொடைக்கணும்.”

“நான் தொடைச்சுக்கறேம்மா.”

கண்ணாடிதான் வந்தது. மாதம் ஒருமுறை பக்கக் கண்ணாடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேன் இறக்கைகளைத் தட்டித் துடைப்பது அவள்தான்.